கதவைத் தட்டாமல் உள்ளே வருவோர்



மரக்காணத்து உப்பளங்களில் மழை இறங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கிப் போகும். வாரிக் குவித்த உப்பைக் கீற்றும் தார்ப்பாயும் கொண்டு மூடிவிட்டு, தை பிறந்து வெயில் ஏறும் வரையில் அங்குள்ளோர் வேறு பிழைப்பைத் தேடியாக வேண்டும். அவ்வாறான ஒரு மழை மாதத்தில், உப்பு வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதும் என் நண்பர், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சுட்டியைத் தொட்டுக் கடன் வழங்கும் செயலி ஒன்றைத் தம் கைபேசியில் இறக்கிக் கொண்டார். வட்டியைப் பற்றி நான் அவரிடம் சொல்ல வேண்டியதைத் தனியே சொல்லிவிட்டேன். இங்கே அது பேச்சன்று.

அவர் கேட்ட தொகை 5,000 ரூபாய். கைக்கு வந்தது 3,400. ஏழு நாளில் முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. எட்டாம் நாள் காலையில், அவருடைய கைபேசியில் பதிந்திருந்த 300க்கும் மேற்பட்ட எண்களுக்கு அவரைத் திருடன் என்று கூறும் செய்தி பறந்தது. பள்ளிவாசல் முத்தவல்லிக்குப் போயிற்று. மளிகைக் கடைக்காரருக்குப் போயிற்று. கடலூரில் அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்த வீட்டாருக்கும் போயிற்று. அத்துடன் நின்றிருந்தால் தாங்கியிருப்பார். அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடப் படம் ஒன்றை எடுத்து, எழுத நாக் கூசும் விதத்தில் ஒட்டுவேலை செய்து அதையும் அனுப்பியிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் கண்ணியமானவர். “இது போலி என்பது எங்களுக்குத் தெரியும் பாய், மனம் உடைந்துவிடாதீர்கள்” என்று அவரே தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். எனினும் குறித்திருந்த நாள் தள்ளிப் போயிற்று. பெண்ணின் தாயார் இரண்டு மாதம் அண்டை வீட்டுப் படி ஏறவில்லை.

குயிலாப்பாளையத்தில் என் தமக்கையின் மகன் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து, முந்திரித் தோப்புகளின் ஊடே ஆரோவில் நோக்கி ஏறும் செம்மண் மேட்டில் உள்ள ஊர் அது. 1968இல் ஆரோவில் உருவானதிலிருந்து பல நாட்டவரும் நடமாடும் இடமாகிவிட்டபடியால், நம் பக்கத்துச் சிற்றூர்களில் காணக் கிடைக்காத கருவிகளெல்லாம் அவன் மேசைக்குப் பழுது பார்க்க வரும். நண்பரையும் அவர் குடும்பத்தாரையும் நான் அங்கேதான் அழைத்துச் சென்றேன். முதல் வேலையாக அவன், பணம் பறிக்கும் மோசடிகளுக்கென உள்ள 1930 என்னும் எண்ணில் புகாரைப் பதியச் செய்தான். அது முடிந்ததும், அதுவரை வாய் திறவாதிருந்த மகள் ஒரு கேள்வி கேட்டார்.

“பணத்தை விடுங்கள். என் படம் அத்தாவின் கைபேசிக்குள் இருந்தது. அது அவர்கள் கைக்கு எப்படிப் போயிற்று?”

வணிகவியல் படிக்கும் பெண். எங்கள் எல்லாருக்கும் முன்பாக அவர்தான் சரியான இடத்தில் விரலை வைத்தார். இம்மாதப் பக்கம் முழுவதும் அந்தக் கேள்விக்கான விடைதான்.

கைபேசி என்பது கண்ணாடியும் மின்கலமும் மாத்திரம் அன்று. அதனுள்ளே எல்லாவற்றையும் ஆளும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதனை இயங்குதளம் என்பர். ஆப்பிள் கைபேசியில் இருப்பது ஐ.ஓ.எஸ். மற்றப் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆண்ட்ராய்டு. நாம் இறக்கிக் கொள்ளும் செயலிகள் யாவும் இந்த வீட்டுக்கு வரும் விருந்தாளிகள். எவரைத் திண்ணையில் அமர்த்துவது, எவரை உள் அறைக்கு விடுவது என்று கதவருகே நின்று தீர்மானிப்பது இயங்குதளம். கடன் செயலி நண்பரிடம் தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டது. படங்களைப் பார்க்கவும் கேட்டது. மறுத்தால் மேலே செல்லாது என்றது. அவசரத்தில் இருந்த மனிதர் இரண்டுக்கும் “சரி” என்பதைத் தொட்டுவிட்டார். கதவு திறந்தது, ஒரே நிமிடத்தில் வீட்டைத் துடைத்து எடுத்துக் கொண்டு போய்விட்டார்கள்.

இவ்வாறு நேர்ந்தது இவர் ஒருவருக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021 நவம்பரில் அளித்த அறிக்கை, இந்தியாவில் புழங்கிய ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளில் 600 சட்டத்துக்குப் புறம்பானவை என்று கண்டது. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் கோப்புகளையும் அழைப்பு விவரங்களையும் தொடக் கூடாது என 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது. கூகுள் தன் பிளே ஸ்டோரில் உள்ள கடன் செயலிகளுக்கு 2023 மே இறுதி முதல் இதே போன்ற தடையை விதித்தது. ஆனால் நண்பர் இறக்கியது பிளே ஸ்டோரிலிருந்து அன்று. வாட்ஸ்அப்பில் வந்த சுட்டியிலிருந்து. அங்கே நெறிமுறையாவது, தடையாவது!

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அந்த 300 பேரும் எந்தச் செயலியையும் இறக்கவில்லை. எதற்கும் “சரி” என்று சொல்லவில்லை. ஆயினும் அவர்களுடைய பெயரும் எண்ணும் அந்நியர் கைக்குப் போயின. நம் கைபேசியில் உள்ள பெயர்கள் நம்முடையவை அல்ல. பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். முன்னாளில் நம் வீட்டுப் பெண்மணிகளின் பெயரை வெளியாரிடம் சொல்லவே தயங்குவோம். இன்று அவர்களுடைய எண், படம், பிறந்த நாள், குடியிருக்கும் தெரு அனைத்தையும் ஒரு விரல் தொடுதலில் தாரை வார்க்கிறோம்.

தொழுகை நேரம் காட்டும் செயலிகளின் கதையையும் நம் வாசகர்கள் அறிந்திருப்பது நலம். 2020 நவம்பரில் அமெரிக்காவின் வைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மதர்போர்டு ஒரு செய்தியை வெளியிட்டது. உலகெங்கும் 9 கோடியே 80 லட்சம் முறைக்கு மேல் இறக்கப்பட்டிருந்த ‘முஸ்லிம் புரோ’ என்னும் செயலி, தன்னைப் பயன்படுத்துவோர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்ற விவரத்தை ‘எக்ஸ்-மோடு’ என்னும் தரகு நிறுவனத்துக்கு அனுப்பி வந்தது. அத்தரகு நிறுவனத்திடம் விவரங்களை வாங்கியோரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தக்காரர்கள் இருந்தனர். அவர்கள் வழியே அவை இராணுவத்தையும் எட்டின என்பது அச்செய்தி. செயலியை நடத்துவோர், தாங்கள் இராணுவத்துக்கு நேரடியாக விற்றதில்லை என்று மறுத்தனர். எக்ஸ்-மோடுடன் இருந்த உறவையும் உடனே முறித்துக் கொண்டனர். அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோடின் நிரல்துண்டைச் செயலிகளிலிருந்து நீக்குமாறு பணித்தன. 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், இத்தகைய நுண்ணிய இருப்பிட விவரங்களை விற்க அந்நிறுவனத்துக்குத் தடை விதித்தது.

இருப்பிடம் எதற்குத் தேவைப்பட்டது? தொழுகை நேரத்தைக் கணக்கிட ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். கிப்லாவின் திசை நம் ஊரிலிருந்து மேற்குக்குச் சற்று வடக்கே. அது நேற்றும் அதுவே, நாளையும் அதுவே. பள்ளிவாசலில் தொங்கும் அட்டவணை ஒருவரிடமும் எதையும் கேட்காமல் ஆண்டு முழுவதும் நேரத்தைச் சொல்லிக் கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் நாம் எங்கிருக்கிறோம் என்று கேட்கும் செயலி, தொழுகைக்காக மட்டும் கேட்கவில்லை என்பது விளங்கும்.

சரி, செயலிகளை ஒழுங்கு செய்துவிட்டால் போதுமா? கதவருகே நிற்கும் காவலரே வெளியே செய்தி சொல்பவராக இருந்தால் என்ன செய்வது?

2021 மார்ச்சில் டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியின் பேராசிரியர் டக்ளஸ் லீத் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒருவரும் தொடாமல் மேசையில் சும்மா கிடக்கும் கைபேசிகூடச் சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒரு முறை தன்னை உருவாக்கிய நிறுவனத்துக்கு விவரம் அனுப்புகிறது என்று அவர் கண்டார். ஆண்ட்ராய்டும் ஐபோனும் இதில் ஒரே தரம். அதே ஆண்டு அக்டோபரில் எடின்பரோ பல்கலைக்கழகத்தினருடன் சேர்ந்து சாம்சங், சியோமி, ஹுவாவே, ரியல்மி ஆகியவற்றின் ஆண்ட்ராய்டு வடிவங்களை ஆராய்ந்தபோதும் கணிசமான அளவு விவரம் வெளியே போவது தெரிந்தது. விதிவிலக்காக நின்றது ‘ஈ ஓ.எஸ்.’ என்னும் ஒன்று மாத்திரமே.

இந்த ‘ஈ ஓ.எஸ்.’ என்பது என்ன? ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் எவரும் எடுத்துத் திருத்தி வெளியிடக் கூடியது. அதன் மீது கூகுள் தன் சேவைகளை ஏற்றித்தான் நமக்குக் கடையில் விற்கப்படும் கைபேசிகள் வருகின்றன. அச்சேவைகளை நீக்கிவிட்டு, அடிப்படை நிரலை மட்டும் கொண்டு மாற்று இயங்குதளங்களைச் சிலர் கட்டியிருக்கிறார்கள். முன்னர் மாண்ட்ரேக் லினக்ஸை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் கயேல் டுவால் தொடங்கியது ஈ ஓ.எஸ். பழைய சயனோஜென்மாட் 2016 இறுதியில் நின்றபோது அதன் வழித்தோன்றலாகப் பிறந்தது லீனியேஜ் ஓ.எஸ். கனடாவைத் தளமாகக் கொண்ட இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று நடத்துவது கிராஃபீன் ஓ.எஸ்.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி. ‘பாரோஸ்’ என்னும் இயங்குதளத்தை அறிவித்தது; அந்நிறுவனத்தின் அரவணைப்பில் வளர்ந்த ஜேண்ட்கே ஆபரேஷன்ஸ் என்னும் சிறு நிறுவனம் அதனை உருவாக்கியிருந்தது. ஒன்றிய அமைச்சர்கள் இருவர் அதனை இயக்கிப் பார்த்த படம் எல்லா நாளேடுகளிலும் வந்தது. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரலின் மீதே எழுப்பப்பட்டது அது. முன்கூட்டியே எந்தச் செயலியும் திணிக்கப்படுவதில்லை என்பது அதன் சிறப்பு. ஆனால் இரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது அது. நம் வீட்டுக் கைபேசியில் நாமே ஏற்றிக் கொள்ளும் பொருளாக அது வரவில்லை என்பதில் எனக்கு வருத்தமே.

மகளுக்கு எதைத் தேர்வது என்று மருமகனைக் கேட்டேன். அவன் தயங்காமல் கிராஃபீனைச் சொன்னான். காரணத்தையும் சொன்னான்.

“லீனியேஜ் பல கைபேசிகளில் ஓடும் மாமா; பழைய கைபேசிக்கு மறுவாழ்வு கொடுக்க நல்லது. ஆனால் அதை ஏற்றினால் பெரும்பாலானவற்றில் தொடக்கப் பூட்டைத் திறந்தே வைக்க வேண்டியிருக்கும். கைபேசி வேறொருவர் கையில் கொஞ்ச நேரம் சிக்கினால் உள்ளே எதையும் மாற்றிவிடலாம். கிராஃபீனை ஏற்றியபின் பூட்டை மறுபடியும் பூட்டிவிடலாம்.”

அவன் காட்டிய மற்றொரு வசதிதான் அந்தப் பெண்ணை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால், கிராஃபீனில் முழுப் பட்டியலையும் கொடுக்கத் தேவையில்லை, மறுக்கவும் தேவையில்லை. அனுமதி கிடைத்துவிட்டதாகவே அச்செயலி எண்ணிக் கொள்ளும். அதற்குத் தெரிவதோ நாம் தேர்ந்தெடுத்த பெயர்கள் மாத்திரம். ஒன்றையும் தேர்ந்தெடுக்காவிட்டால் வெற்றுப் பட்டியல். படங்களுக்கும் இதே ஏற்பாடு உண்டு. இணையத்தைத் தொடும் அனுமதியைக்கூட ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே பறிக்கலாம். கூகுளின் சேவைகள் தேவைப்பட்டால் அவற்றையும் ஏற்றிக் கொள்ளலாம். ஆனால் அங்கே கூகுளும் மற்ற விருந்தாளிகளைப் போலத் திண்ணையில்தான் அமர வேண்டும். எல்லா அறைக்கும் சாவி அதனிடம் இராது.

“அத்தாவின் கைபேசியில் இது இருந்திருந்தால்?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“அவசரத்தில் முழுப் பட்டியலையும் கொடுத்திருந்தால் அப்போதும் போயிருக்கும்” என்றான் மருமகன். ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. காவலர் எத்தனை நல்லவராயினும், வீட்டுக்காரரே உள்ளே வரச் சொல்லிவிட்டால் அவர் என்ன செய்வார்?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கிராஃபீன், கூகுள் தயாரிக்கும் பிக்சல் கைபேசிகளுக்காகவே உருவாக்கப்பட்டு வந்திருக்கிறது. கூகுளிடமிருந்து ஒதுங்கக் கூகுளிடமே கைபேசி வாங்க வேண்டியிருப்பது வேடிக்கைதான். ஆனால் அந்தக் கருவியின் பாதுகாப்புச் சில்லும், பூட்டைத் திறந்து மீண்டும் பூட்ட இடமளிக்கும் அமைப்பும் மற்றவற்றில் எளிதில் கிடைப்பதில்லை. விலையோ நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு அதிகம். அடுத்து, வங்கிச் செயலிகளும் யு.பி.ஐ. செயலிகளும். அவற்றுள் சில, கைபேசி கூகுளின் நற்சான்று பெற்றதா என்று கேட்டு, இல்லையெனில் இயங்க மறுக்கும். சில தடையின்றி ஓடும். உங்கள் வங்கியுடையது எந்த வகை என்பதை ஏற்றிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். வாட்ஸ்அப் இயங்கும், ஆனால் நீங்கள் யாரோடு எப்போது பேசினீர்கள் என்பதை அந்நிறுவனம் அறிவதை எந்த இயங்குதளமும் தடுக்காது.

இன்னொன்று. இத்தகைய மாற்று இயங்குதளங்களை நடத்துவோர் சிறு குழுவினர். டைவெஸ்ட் ஓ.எஸ். 2024 டிசம்பரில் நின்று போயிற்று. பலரும் விரும்பிய கேலிக்ஸ் ஓ.எஸ். 2025 ஆகஸ்டில் வெளியீடுகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்து, தன் பயனர்களை வேறிடம் செல்லச் சொன்னது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளம், எத்தனை நல்ல பெயர் பெற்றிருப்பினும், ஓட்டு விழுந்த கூரை போன்றது. ஏற்றும் முன், கடைசித் திருத்தம் எப்போது வந்தது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

பெண்ணின் தாய்மாமன் துபாயில் இருக்கிறார். பயன்படுத்திய பிக்சல் ஒன்றை அங்கே குறைந்த விலைக்கு வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். ஆவலோடு குயிலாப்பாளையத்துக்குக் கொண்டு போனோம். மருமகன் அமைப்புகளுக்குள் நுழைந்து பார்த்துவிட்டுக் கைபேசியைக் கீழே வைத்தான். பூட்டைத் திறக்கும் வரி மங்கிக் கிடந்தது, தொட்டால் அசையவில்லை. அமெரிக்காவில் ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கென விற்கப்பட்ட வகை அது. அதன் பூட்டைத் திறக்க வழியில்லை. விற்ற கடைக்காரர் அதைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. வளைகுடாவில் உள்ள உறவினரிடம் சொல்லி அனுப்பும் சகோதரர்கள் இதைக் குறித்துக் கொள்ளுங்கள். எந்தத் தொலைபேசி நிறுவனத்தோடும் பிணைக்கப்படாத வகையா என்று கேட்டு, பணம் கொடுப்பதற்கு முன்பே அமைப்புகளில் அந்த வரி உயிரோடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரி எண்ணையும் பாருங்கள்: 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8 முதலான புதிய வரிசைகளுக்கு 7 ஆண்டுத் திருத்தங்கள் உண்டு, பிக்சல் 6, 7 ஆகியவற்றுக்கு 5 ஆண்டுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆயுள் முடியும் தறுவாயில் உள்ளதை வாங்கிவிட வேண்டாம்.

இரண்டாவது கைபேசி வந்து சேர ஆறு வாரம் ஆயிற்று. இம்முறை வரி அசைந்தது. பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், வேண்டிய படங்களை முதலில் கணினிக்கு மாற்றினான். பிறகு கம்பியை மாட்டி, கிராஃபீனின் சொந்த இணையதளத்தைத் திறந்து, அது சொல்லும் படிகளைத் தொடர்ந்தான். அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. வேறு எங்கிருந்தும், யார் அனுப்பிய கோப்பிலிருந்தும் ஏற்றக் கூடாது என்பதை அவன் மூன்று முறை சொன்னான், நானும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெண் முதலில் ஏற்றியது வாட்ஸ்அப். அது தொடர்புப் பட்டியலைக் கேட்டது. சற்று யோசித்து ஏழு பெயர்களைத் தேர்ந்தெடுத்தார். கடலூர் எண் அந்த ஏழில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. சம்பந்தப் பேச்சு மீண்டும் தொடங்கியிருக்கிறது என்று அவர் தாயார் என் மனைவியிடம் சொன்னதாக அறிந்தேன். நீங்களும் துஆச் செய்யுங்கள்.

நண்பருக்குப் புதுக் கைபேசி வாங்க வசதியில்லை. அவருடைய பழையதைத் துடைத்து அழித்துப் புதிதாக அமைத்தான் மருமகன். தேவையற்ற செயலிகளை நீக்கினான். எஞ்சியவற்றின் அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பறித்தான். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதுவும் இறங்காதபடி தடுத்து வைத்தான். கூலி வாங்கவில்லை, நண்பர் அடுத்த முறை வரும்போது ஒரு மூட்டை உப்பைக் கொண்டு வந்து இறக்கினார். அதை வைத்துக் கொண்டு என்ன செய்வது என்று என் தமக்கை இன்னும் கேட்டுக் கொண்டிருக்கிறார்.

பெரும்பாலான நம் குடும்பங்களுக்கு, நண்பருக்குச் செய்த இந்த இரண்டாம் வழியே இப்போதைக்குப் போதும் என்பது என் கருத்து. முழு மாற்றத்தை நாடுவோர், வீட்டில் கணினி தெரிந்த ஒருவர் துணையிருந்தால் துணியலாம். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினரும், புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தினரும் இத்தகைய மென்பொருள்களைப் பரப்பும் பணியில் ஈடுபட்டுள்ளனர். அருகில் உள்ள மாணவ மாணவியர் அவர்களை அணுகிக் கேட்கலாம்.

அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன் வழியே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி ஒரு நிறுவனத்திடம் நம் விவரங்களை அழிக்கச் சொல்லி எவ்வாறு கேட்பது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். தத்தம் கைபேசியின் பெயரையும் மாதிரியையும் குறிப்பிட்டு எழுதும் வாசகர்களுக்கு, அதில் முதலில் மூட வேண்டிய அனுமதிகள் எவை என்பதை மருமகனிடம் கேட்டுத் தெரிவிக்கிறேன்.

வஸ்ஸலாம்.